இலை சிவக்கும் ஏரிகளைப் பற்றி ஆகஸ்ட் மாதமே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் பாதியில் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் வரும். பின்னால் மலை, நடுவில் ஏரி, ஏரியைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள், அடியில் பத்து இடங்களின் பெயர்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் நிஜமாகவே கிளம்ப நினைத்தால் என்ன செய்வார் என்று யாராவது யோசித்தீர்களா? ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. அக்டோபர் கடைசியில் ஸ்ரீநகரில் நிற்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் போட்டிருக்க வேண்டும். நீங்கள் படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை வெயிட்டிங் லிஸ்ட்டைத் தவிர வேறெதுவும் மிச்சமிருக்காது. அதனால் கேட்கிறேன், இந்தப் பக்கத்தை ஆகஸ்ட்டில் போடுங்கள். படத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, எந்த ஏரி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கரையில் என்ன மரம் நிற்கிறது, எந்த வாரத்தில் நிறம் மாறும், இந்த மூன்றையும் போடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம், காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் சேர்ந்து வருகிறதே என்று ஒரு சுற்றுலா நிறுவனத்தில் பணம் கட்டிக் காஷ்மீர் போனார்கள். 'இலையுதிர் கால ஸ்பெஷல்' என்று துண்டுச் சீட்டில் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். டால் ஏரிக்கரையில் போய் இறங்கினால் சினார் மரமெல்லாம் பச்சைப்பசேல். அந்த வீட்டுப் பையன் வாட்ஸ்ஆப்பில் எனக்குப் படம் அனுப்பி, "அங்கிள், நம்ம ரெட்டேரிக் கரையும் இப்படித்தானே இருக்கும்" என்று கேட்டான். கூட வந்த வழிகாட்டி, இந்த வருஷம் கொஞ்சம் லேட்டு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். லேட்டெல்லாம் ஒன்றுமில்லை. ஸ்ரீநகரில் சினார் சிவப்பது அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் பாதி வரைதான், வருஷத்துக்கு வருஷம் சில நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவே. செப்டம்பர் கடைசியில் கூட்டிப் போனால் பச்சையைத்தான் பார்க்க முடியும், அது பணம் வாங்கியவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பகல் குறையக் குறைய மரம் இலையிலிருக்கும் பச்சையத்தை உடைத்து, அதிலுள்ள சத்தைத் திரும்பக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அதுவரை அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரியத் தொடங்கும். கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற அதே கரோட்டின் வகை நிறமிகள்தான் அவை. சிவப்பு அப்படி முன்கூட்டியே இருந்ததில்லை. உதிர்வதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இலை புதிதாகத் தயாரிப்பது அது, பெயர் ஆந்தோசயனின், நாவல் பழத்தின் ஊதாவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதைத் தயாரிக்க இலையில் சர்க்கரை தேங்க வேண்டும், அதற்குப் பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறைந்து போகாத அளவுக்குக் குளிரும் சில நாள் தொடர்ந்து வாய்க்க வேண்டும். மூட்டமும் மழையுமாக இருந்த வருஷத்தில் நிறம் மங்கல். நடுவில் ஒரு பெருங்காற்று அடித்தால் எல்லாம் தரையில் கிடக்கும். மலை ஏரிகளைத் தேடி ஜனங்கள் போவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, உயரத்தில் ராத்திரி சீக்கிரம் குளிர்கிறது, நடுவில் தண்ணீர் இருப்பதால் எதிர்க்கரைச் சரிவு முழுவதும் மறைப்பில்லாமல் கண்ணில் படுகிறது. காற்று எழும்புவதற்கு முன், விடிகாலையில் போனால் தண்ணீருக்குள்ளும் இன்னொரு மலை தெரியும். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் போகிறவர்களுக்கு அந்தப் பாதி கிடையாது.

உயரம்தான் இதில் முக்கியம் என்று நான் தெரிந்துகொண்டது ஜப்பானில். என் மகள் டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கிறாள், நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற இடம். அவள் புண்ணியத்தில் அக்டோபர் கடைசியில் நிக்கோவுக்குப் போனோம். டோக்கியோவின் ஆசாகுசா நிலையத்தில் தோபு கம்பெனி ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம். பெரிய கோயில்கள் எல்லாம் இருக்கிற நிக்கோ ஊர் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரோகாசாகா என்ற மலைப்பாதையில் ஏற வேண்டும். ஏற ஒரு பாதை, இறங்க வேறு பாதை, இரண்டிலும் சேர்த்து 48 வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் பழைய ஜப்பானிய நெடுங்கணக்கின் ஓர் எழுத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். அசர வைத்தது வண்டி நெரிசல். சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிற தூரம், சிவப்பு உச்சத்தில் இருக்கிற சனி ஞாயிறுகளில் மூன்று மணி நேரம்கூட ஆகுமாம். சென்ட்ரலை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பேசின் பாலத்தருகே ரயிலில் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவர்கள் நாங்கள், அதனால் பொறுத்துக்கொண்டோம். மாப்பிள்ளைதான் பாவம், மணிக்கூண்டு மாதிரி ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை நேரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே போனதும் சூசென்ஜி ஏரி. 1,269 மீட்டர் உயரம். நன்தாய் என்ற எரிமலை கக்கிய குழம்பு பள்ளத்தாக்கை அடைத்ததில் உண்டான ஏரி, அதன் தண்ணீர்தான் கெகோன் அருவியாக 97 மீட்டர் கீழே விழுகிறது. நாங்கள் போன அன்று ஏரிக்கரை முழுக்கச் சிவப்பு. இன்னும் மேலே 1,478 மீட்டரில் யுனோகோ என்ற சின்ன ஏரி இருக்கிறது, அங்கே போனால் பாதி மரம் மொட்டை, அதற்கு உச்சம் அக்டோபர் முதல் பாதியிலேயே போய்விட்டது. சாயங்காலம் கீழே கோயில் பக்கம் இறங்கி வந்தால் மேப்பிள் இன்னும் பச்சை, அதற்கு நவம்பர் வர வேண்டும். ஒரே நாளில், ஒரே மலையில், மூன்று விதம். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தேதி தப்பிப் போய்விட்டவர்கள் அங்கே தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை, சீக்கிரம் வந்துவிட்டால் மேலே ஏறுகிறார்கள், தாமதமாக வந்தால் கீழே இறங்குகிறார்கள்.

அந்த நாட்டில் இதற்கென்று முன்னறிவிப்பே வருகிறது. தனியார் வானிலை நிறுவனங்கள் ஊர் ஊராக எந்தத் தேதியில் நிறம் உச்சத்துக்கு வரும் என்று வெளியிடுகின்றன, வாரா வாரம் திருத்துகின்றன. அரசு வானிலை மையமே குறிப்பிட்ட மேப்பிள், கிங்கோ மரங்களை வைத்து நிறம் மாறிய நாளைப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வருகிறது, அந்த நாள் பின்னால் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் அந்தப் பதிவிலேயே தெரிகிறது. அதில் கால்வாசியை ஒரு தமிழ்ப் பத்திரிகை செய்தால் போதும் என்கிறேன்.

சரி, ஜப்பான் எல்லோருக்கும் ஆகிற காரியமா? ஆகாது. விசா, விமான டிக்கெட் என்று போனால் வட சென்னையில் ஒரு குடும்பத்தின் வருஷச் சேமிப்பு அதிலேயே கரைந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு எட்டுகிறது காஷ்மீர்தான். சென்ட்ரலிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் ஜம்மு பக்கம் இருக்கிற கட்ரா வரைக்கும் போகிறது. இரண்டு நாளுக்கு மேல் ஆகும், கட்டிக்கொண்டு போகிற புளியோதரை முதல் நாளோடு தீர்ந்துவிடும், அதற்கப்புறம் கிடைப்பதைச் சாப்பிட வேண்டியதுதான். கட்ராவில் இறங்கி வந்தே பாரத் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர். 2025 ஜூன் 6 அன்று தொடங்கி வைத்த ரயில் அது. வழியில் செனாப் பாலம், ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில். முன்கண்ணாடியில் பனி உறையாமல் இருக்கவும், தொட்டித் தண்ணீர் கட்டியாகாமல் இருக்கவும் அதில் தனியாகச் சூடேற்றும் ஏற்பாடு உண்டு. நான் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வந்தே பாரத் என்ற ரயிலே 2018-இல் எங்கள் பெரம்பூர்த் தொழிற்சாலையிலிருந்துதான் முதல்முதலில் வெளியே வந்தது, இந்த இடத்தில் கொஞ்சம் பெருமை பேசினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம். அங்கே பார்க்க வேண்டியது சினார். ஒவ்வொன்றும் நாலைந்து பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமனுக்கு வளரும், இலை விரித்த உள்ளங்கையை விடப் பெரிது. முதலில் மஞ்சள் தட்டும், அப்புறம் செம்மஞ்சள், அப்புறம் ரத்தச் சிவப்பு, கடைசியில் துருப்பிடித்த பழுப்பு. டால் ஏரியின் மேற்குக் கரையில் காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற நசீம் பாக் முழுக்க முழுக்கச் சினார் தோப்பு, சுற்றுலா வண்டிகள் பாதிப் பேரை அங்கே கூட்டிப் போவதே இல்லை. கிழக்குக் கரையில் ஜபர்வான் மலையடியில் ஷாலிமார், நிஷாத் தோட்டங்கள், ஷாலிமார் ஜஹாங்கீர் 1619-இல் போட்டது. காலை வெயிலுக்கு நசீம் பாக், சாயங்கால வெயிலுக்கு நிஷாத், இப்படி வைத்துக்கொண்டால் மரத்தின் மேல் வெளிச்சம் நேராக விழும். ஏரி நடுவில் நாலு மூலையிலும் சினார் நட்ட ஒரு குட்டித் தீவு இருக்கிறது, ஷிகாரா படகில் போக வேண்டும். உதிர்ந்த சருகுகளை உள்ளூர்ப் பெண்கள் கூட்டிக் குவித்து மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள், குளிர்காலத்தில் அங்கிக்குள் வைத்துக்கொள்கிற காங்கிரி சட்டிக்கு அந்தக் கரிதான். நம்மிடம் கேமரா இருக்கிறதே என்று அவர்கள் வேலைக்கு நடுவில் போய் நிற்காமல் இருந்தால் நல்லது. அனுமதி இல்லாமல் சினாரை வெட்ட அங்கே சட்டமே இடம் கொடுக்காது. 2025-இல் ஆயிரக்கணக்கான மரங்களுக்கு எண் கொடுத்து, கியூஆர் குறியீட்டுப் பலகையும் மாட்டியிருக்கிறார்கள். போனைக் காட்டினால் மரத்தின் வயசு, சுற்றளவு எல்லாம் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும், உயரம் மட்டும் போதாது. காஷ்மீரில் இன்னும் மேலே குல்மார்க் போனால் நிறம் முன்னாலேயே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வண்டி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே காடு பெரும்பாலும் ஊசியிலை மரங்கள், ஐப்பசியிலும் பச்சைதான், தையிலும் பச்சைதான். அதனால்தான் மரத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள் என்கிறேன். ஊசியிலையிலும் விதிவிலக்கு உண்டு. லார்ச் என்ற மரம் ஊசியிலையாக இருந்துகொண்டே பொன் மஞ்சளாகி மொத்தமும் உதிர்த்துவிடும். சுவிட்சர்லாந்தில் எங்கடீன் பள்ளத்தாக்கின் சில்ஸ், சில்வாப்லானா ஏரிகளைச் சுற்றி அக்டோபர் இரண்டாம் பாதியில் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். கனடாவில் மொரைன் ஏரிக்கு மேலே உள்ள லார்ச் பள்ளத்தாக்கில் அது செப்டம்பர் கடைசியிலேயே முடிந்துவிடும். 2023-இலிருந்து அந்த ஏரிக்குச் சொந்தக் கார் விடுவதில்லை, பேருந்துதான். கரடி நடமாட்டம் இருக்கிற சமயத்தில் நாலு பேருக்குக் குறைவாக மேலே ஏறக் கூடாது என்று கட்டுப்பாடும் போடுகிறார்கள். சீனாவின் ஜியுஜைகோ ஏரிகளுக்கு அக்டோபர் பாதிக்கு மேல். இவற்றைப் பற்றி நான் படித்ததோடு சரி, போனவர்கள் எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.

இதைப் பேசினாலே யாராவது ஒருவர் கொடைக்கானலில் ஏன் இப்படி வருவதில்லை என்று கேட்பார். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ் 1863-இல் கட்டிய ஏரி, சுமார் 2,100 மீட்டர் உயரம், குளிரும் இருக்கிறது, பின்னே என்ன குறை? பகல்தான். நிலநடுக்கோட்டுக்கு அத்தனை பக்கத்தில் இருப்பதால் கொடைக்கானலில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான் வித்தியாசம். ஸ்ரீநகரில் அது நாலு மணி நேரத்துக்கு மேல். நம் மலை மரங்களுக்கு 'இலையை உதிர்த்துவிடு' என்று சொல்ல அந்தச் சைகை கிடைப்பதில்லை, பெரும்பாலானவை வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கின்றன. ஆனால் சோலைக் காட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அங்கே சிவப்பு தலைகீழாக வரும், துளிர்க்கும்போது. இளந்தளிர் செம்பும் ரோஸும் கலந்து மரத்தின் தலை முழுக்கப் பூத்த மாதிரி இருக்கும். அக்டோபரில் மழைமூட்டத்துக்குள் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விட்டுவிட்டு, 'ஒன்றுமே சிவக்கவில்லை' என்று திரும்பி வருகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது, இவ்வளவு சிரமப்பட்டுப் போகிறவர்களுக்கு எந்த மாதம் போகலாம் என்றாவது தெரிய வேண்டாமா?

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, தென் சென்னையில் மாடியில் இருக்கிறவர்களுக்கு இது முழுசாகப் புரியுமா தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் பிடிக்கும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்கும் எங்களுக்கும் போக்குவரத்தே அறுந்த மாதிரி. தரைத்தள வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போனால், திரும்பும்போது ஃபிரிட்ஜ் எந்த அறையில் மிதக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் விமான நிலையமே மூடிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். சினார் சிவக்கிற வாரமும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிற வாரமும் ஒன்றாகவே வருகிறது, இதற்கு நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது, நானும் செய்ய முடியாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகலாம், ஃபிரிட்ஜைக் கட்டைமேல் ஏற்றி வைக்கலாம், எம்.சி. ரோட்டில் தீபாவளித் துணி எடுக்கும்போதே ஸ்வெட்டரையும் தேடலாம். நவம்பர் முதல் வாரத்தில் ஸ்ரீநகர் ராத்திரி மிகவும் குளிரும், நம்மூர் மார்கழியை நினைத்துக்கொண்டு ஒரு சால்வையோடு போய் இறங்கினால் ஏரியைப் பார்க்க மாட்டீர்கள், விடுதிப் போர்வையைத்தான் பார்ப்பீர்கள்.

பஹல்காமில் 2025 ஏப்ரலில் நடந்த தாக்குதலுக்கப்புறம் பலருக்குப் பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். எந்தத் தோட்டம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று கிளம்புவதற்கு முந்தின வாரம் அரசு அறிவிப்பைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போக முடியாதவர்களுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு மூலை ஒதுக்குங்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூட மைதானம், எங்கள் தெருமுனை என்று எங்கே பார்த்தாலும் பாதாம் மரம் நிற்கிறது, சின்ன வயசில் வாதாங்கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்றவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தை, மாசி வாக்கில் அதன் இலை சிவந்து உதிர்கிறது, குளிரும் மலையும் எதுவும் இல்லாமல் கடல் மட்டத்திலேயே. அத்தனை சிவப்பும் காலையில் துப்புரவுப் பணியாளர் வருவதற்குள் தரையில் கிடக்கும், குப்பை என்று திட்டுகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சமயத்தில் மாதவரம் பூங்கா, ஐ.சி.எஃப் பக்கம் ஒரு புகைப்படக்காரரை அனுப்பினால் உங்களுக்கு ஒரு நல்ல படம் கிடைக்கும், வெளிநாட்டு ஏஜென்சிக்குப் பணம் கட்டவும் வேண்டாம்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீநகர் சினாருக்கு அதுதான் சரியான வாரம். நவம்பர் 5-ஆம் தேதி வாக்கில் சென்ட்ரலில் ஏற வேண்டும் என்றால் செப்டம்பர் முதல் வாரத்தில் முன்பதிவு திறக்கும், தீபாவளிக் கூட்டமும் அதே நேரம் மோதும். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு இணைப்பில் இந்த விவரம் வந்தால் எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று குடும்பங்கள் தயாராக இருக்கிறார்கள், போன தடவை பச்சையைப் பார்த்துவிட்டு வந்த அந்தப் பையன் வீட்டாரும் அதில் உண்டு. பக்கத்தில் இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே வருகிற அந்தச் சுற்றுலா விளம்பரத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
பெரம்பூர், சென்னை-11